அந்தி நேரச் சிறுத்தை: 140 படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை, லென்ஸ் கோளாறா?

மங்கல்வெளி:
வணக்கம். போன வாரம் சஃபாரியில், பொழுது இறங்கிய பிறகு மரக்கிளையில் படுத்திருந்த சிறுத்தையைப் பத்து நிமிடம் பார்க்கக் கிடைத்தது. 140 படம் எடுத்தேன். கேமராத் திரையில் எல்லாம் பிரமாதம். கணினியில் பெரிதாக்கினால் எல்லாமே கலங்கல். ஏபிஎஸ்-சி (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா, 100-400 மி.மீ. ஜூம், 400-இல் லென்ஸ் திறப்பு எஃப் 6.3, ஷட்டர் 1/60 வினாடி. புள்ளி புள்ளியாக வருமே என்று பயந்து ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) உச்சவரம்பை 1600-இல் வைத்திருந்தேன். லென்ஸில் நடுக்கத் தடுப்பு போட்டுத்தான் இருந்தது. லென்ஸை மாற்றிவிடட்டுமா?

ஆந்தைக்கண்:
லென்ஸ் பாவம், அதை விடுங்கள். ஒரு படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, சிறுத்தையின் கண்ணுக்குள் மின்னும் வெளிச்சப் பொட்டைப் பாருங்கள். பொட்டு சின்னக் கோடாக இழுபட்டிருந்தால் அசைவு. வட்டமாக ஊதிப் பரவியிருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. கோடு என்றால் மரப்பட்டையையும் பாருங்கள். அதுவும் அதே பக்கம் இழுபட்டிருந்தால் ஆடியது கேமரா. பட்டை மட்டும் கூர்மையாக இருந்தால் ஆடியது சிறுத்தை.

மங்கல்வெளி:
பார்த்தேன் அண்ணா. கண்ணில் கோடுதான், மேலும் கீழுமாக. பட்டையும் அப்படியே. நாலைந்து படத்தில் மட்டும் வேறு கதை: முன்னால் தொங்கும் இலையில் நரம்பு வரை தெரிகிறது, பின்னால் சிறுத்தை பஞ்சு மாதிரி.

ஆந்தைக்கண்:
சரி, அப்படியானால் இரண்டு நோய். இலை விஷயம் எளிது: கேமரா தானாக ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் கிட்டத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைச் சிறு புள்ளிக்கு மாறி, அதைக் கண்மீது வையுங்கள். பெரிய நோய் ஆட்டம். ஏபிஎஸ்-சியில் 400 என்பது 600 மி.மீ. போலத்தான். கையில் பிடித்தால் ஷட்டர் குறைந்தது 1/600 வேண்டும் என்பது பழைய கணக்கு. நடுக்கத் தடுப்பு கை நடுக்கத்தைப் பார்த்துக்கொள்ளும், வண்டி அதிர்வை அவ்வளவாகத் தாங்காது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா?

மங்கல்வெளி:
ஆமாம், அணைக்கவே இல்லை. போதாக்குறைக்குப் பின்சீட்டில் மூன்று பேர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள்.

இருட்டுக்கடை:
குறுக்கே வருகிறேன். வண்டியைவிட அந்த 1600 வரம்புதான் குற்றவாளி. 6400 வரை விட்டிருந்தால் அதே வெளிச்சத்தில் 1/250 கிடைத்திருக்கும். படத்தில் வரும் இரைச்சல் புள்ளியை ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிப்பது) பெருமளவு துடைக்கலாம். இழுபட்ட மீசையை அப்படி மீட்க முடியாது. 6400-க்குப் பயந்து இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சத்தை ஏற்றினாலும் அந்தப் புள்ளி குறையாது.

ஆந்தைக்கண்:
ஓடும் விலங்கென்றால் ஒப்புக்கொள்கிறேன். படுத்திருப்பதற்கு 6400 எதற்கு? எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள், தானியம் நிரப்பிய துணிப்பையை ஜன்னல் விளிம்பில் போட்டு லென்ஸை அதில் அழுத்துங்கள், 3200-இல் 1/125 போதும். ஐந்தைந்தாகத் தொடர்ச்சியாக எடுங்கள். முதல் படத்தில் விரல் அழுத்திய ஆட்டம் இருக்கும், நடுவில் உள்ளவைதான் தேறும்.

மங்கல்வெளி:
நேற்று அந்தியில் வீட்டு நாயை வைத்துச் சோதித்தேன். துணிப்பை, 3200, 1/125. முப்பதில் பதினெட்டு கூர்மை, கண்ணில் பொட்டு பொட்டாகவே இருக்கிறது! அது கொட்டாவி விட்ட படங்களில் மட்டும் தாடை கலங்கல்.

இருட்டுக்கடை:
கொட்டாவிக்கு 1/500 வேண்டும். அதாவது ஐஎஸ்ஓ 12800. இப்போது ஆந்தைக்கண் என்ன சொல்கிறார்?

ஆந்தைக்கண்:
வாய் மூடும்வரை காத்திருக்கச் சொல்கிறேன்.