பிரானா என்று வாங்கிய மீன்கள்: எடுத்துக்கொள்ள ஆள் வேண்டும்

கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். போன வருடம் ‘சிவப்பு வயிற்று பிரானா’ என்று சொல்லி விற்ற இரண்டு குஞ்சுகள் இப்போது ஒரு அடியைத் தாண்டிவிட்டன. தொட்டி 3 அடிதான். திரும்ப இடமில்லாமல் கண்ணாடியில் மோதி மோதி ஒன்றுக்கு மூக்கு புண்ணாகிவிட்டது. பல்லைப் பார்த்தால் பிரானாவின் முக்கோணக் கூர்ப்பல் இல்லை. நம் கடைவாய்ப் பல் மாதிரி தட்டை. வெள்ளரிக்காய் போட்டால் மொறுக்கென்று கடிக்கின்றன. பாக்கு மீன் என்றே நினைக்கிறேன். அதுவும் அமேசான் பக்கத்து மீன்தான், ஆனால் பிரானாவைவிடப் பெரிதாக வளரும்.

தண்ணீர் மாற்றினேன், பெரிய ஃபில்டர் வைத்தேன், கல் உப்பும் போட்டாயிற்று. புண் ஆறவில்லை. விற்ற கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டாராம். கே.ஆர்.பி. அணையில் விட்டுவிடு என்கிறான் மச்சான். அங்கே இருக்கிற மீன்கள் என்ன பாவம் செய்தன? அது மட்டும் முடியாது.

கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் பக்கம் பெரிய தொட்டியோ சிமென்ட் தொட்டியோ வைத்திருப்பவர்கள் யாராவது இவற்றை எடுத்துக்கொள்வீர்களா?