கீழே விழுந்த ஹார்ட் டிஸ்க்: பர்மாக் கடிதங்களை மீட்க வழி உண்டா?

கண்டனூர்க்காரி

வணக்கம். எங்கள் ஐயா வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு தகரப் பெட்டி நிறையக் கடிதங்கள் இருந்தன. ரங்கூன், மோல்மேன், பியாப்பொன் கடைகளிலிருந்து மேலாட்கள் (கடைப் பொறுப்பாளர்கள்) ஊருக்கு எழுதியவை. நெல் விலை, வராத வட்டி, அடுத்தாளுக்கு (மேலாளுக்கு அடுத்த நிலையில் இருப்பவருக்கு) வந்த காய்ச்சல், யாருக்கோ பெண் பார்த்த செய்தி எல்லாம் ஒரே தாளில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். 1920களில் தொடங்கும் கடிதங்கள் 1941 கடைசியில் நின்றுவிடுகின்றன. அந்த டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியரின் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு கடிதம் ஏது?

கறையான் அரித்த ஓரங்களை ஒதுக்கி, தாள் தாளாகப் பிரித்துக் கேமராவில் படம் எடுத்தேன். பேரேடுகள், ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு), அப்பத்தாளின் சீர் சாமான் சிட்டை ஆகியவற்றையும் எடுத்தேன். எல்லாம் 1 டெராபைட் கொள்ளளவு கொண்ட, கையடக்கமான யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்தன. பின்னர் பாகப்பிரிவினை ஆயிற்று. வீட்டுச் சாமான்களோடு காகிதங்களும் நான்கு பங்காளிகளிடம் பிரிந்து போயின. ஒரு பங்கு மலேசியாவில் இருக்கிறது. ஒரு பங்கு காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போய், அங்கிருந்து எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. மறுபடியும் படம் எடுக்க வழியே இல்லை.

போன வாரம் உறவினர்களுக்குப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒயர் யார் காலிலோ இழுபட்டு, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் மேசையிலிருந்து ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்தது. உடனே செருகிப் பார்த்ததில், வட்டை ஃபார்மட் செய்ய வேண்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். அடுத்த முறை செருகியபோது விளக்கு எரிந்தது, உள்ளே ஏதோ சுழன்றது, "டக், டக்" என்று சீரான சத்தம் கேட்டது, பிறகு அமைதி. திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு கடையில் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம் என்றார்கள். மனம் ஒப்பவில்லை, திரும்ப வாங்கி வந்துவிட்டேன். அடுத்து என்ன செய்யலாம்?

பள்ளத்தூர் வாசகன்

ஆச்சி, என் அண்ணன் மகனுக்கு இப்படி ஆனபோது டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ராத்திரி முழுவதும் ஃப்ரீசரில் வைத்து எடுத்தான். கொஞ்ச நேரம் ஓடியது, சில படங்களை எடுத்துக்கொண்டான். செலவில்லாத வழி என்பதால் சொல்கிறேன்.

செக்காலை ரோடு

ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். பள்ளத்தூர் தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். பழைய காலத்து டிஸ்க்குகள் சிலவற்றில் இறுகிப்போன பாகம் குளிரில் சற்று விடுபட்டதுண்டு. இது விழுந்து அடிபட்ட டிஸ்க். நம் ஊர் வெயிலில் ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்த மறுநிமிடம் அதன் உள்ளும் புறமும் ஈரம் படியும். தகவல் பதிந்திருக்கும் தட்டில் ஈரம் படிந்து, அதன் மேல் படிக்கும் ஊசி (ஹெட்) ஓடினால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

ஆச்சி, முதல் வேலையாக அதை இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகாதீர்கள். ஒரே ஒரு முறை பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். இந்த ஊரில் பல வருடங்களாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். என் மேசைக்கு வரும் செத்துப்போன டிஸ்க்குகளில் பெரும்பாலானவை விழுந்ததால் மட்டும் சாகவில்லை. விழுந்த பிறகு செருகிச் செருகிப் பார்த்ததால் செத்தவை. அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. படிக்கும் ஊசி அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் கனமே பல்லாயிரம் நானோமீட்டர். ஓடும்போது விழுந்தால் ஊசி தட்டில் மோதி வளைந்துவிடும், அல்லது உடைந்துவிடும். தட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அறிய உதவும் குறிகள் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டவை. அடிபட்ட ஊசியால் அவற்றைப் படிக்க முடியாது. ஊசியைத் தாங்கும் கை கடைசி வரை போய்த் திரும்பி வந்து மறுபடி முயலும். நீங்கள் கேட்ட "டக், டக்" அதுதான். ஒவ்வொரு முயற்சியிலும் வளைந்த ஊசி பூச்சைச் சுரண்டக்கூடும். சுரண்டிய தூள் மற்ற ஊசிகளையும் கெடுக்கும். பூச்சுப் போன இடத்தில் இருந்த கடிதத்தை உலகத்தில் எந்த ஆய்வகமும் திரும்பக் கொண்டுவர முடியாது.

எந்த மென்பொருளும் இதற்கு உதவாது. இணையத்தில் விளம்பரம் செய்கிற மீட்பு மென்பொருள்கள் எல்லாம் டிஸ்க் ஒழுங்காகச் சுழன்று படிக்கும் நிலையில் இருந்தால்தான் வேலை செய்யும். விண்டோஸில் வட்டைச் சோதிக்கும் "செக்டிஸ்க்" ஓட்டுங்கள் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். அது கோப்பு முறைமையைச் சரிசெய்வதாக எண்ணிக்கொண்டு டிஸ்க்கில் எழுதும்.

மூடியைத் திறக்க விடாமல் வாங்கி வந்தீர்களே, அது பெரிய காரியம். இதைத் திறக்கத் தூய அறை வேண்டும், அல்லது தூய காற்று வீசும் மேசையாவது வேண்டும். அதன் அளவுகோல், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. நம் கடைகளில் அது லட்சக்கணக்கில் இருக்கும். என் கடையிலும் அப்படித்தான், அதனால் நான் திறப்பதில்லை. அதே மாடல் டிஸ்க் வாங்கி அடியில் உள்ள பச்சை போர்டை மட்டும் மாற்றிப் பார்ப்பதும் பயன்படாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவுகள் அந்த போர்டில் உள்ள சின்னச் சிப்பில் பதிந்திருக்கும். வேறு போர்டு இந்த ஊசிகளோடு சேராது. யுஎஸ்பி முனை நேராக போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட டிஸ்க்குகளும் உண்டு. அவற்றில் பல, எழுதும்போதே தகவலை மறையீடு (என்கிரிப்ஷன்) செய்துவிடும். அதனால் மூல போர்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஆய்வகத்தில் செய்வது இதுதான். அதே மாடலில் ஒத்துப்போகும் இன்னொரு டிஸ்க்கிலிருந்து ஊசித் தொகுதியை எடுத்து உங்கள் டிஸ்க்கில் பொருத்துவார்கள். பிறகு பிசி-3000 போன்ற கருவியில் மாட்டி, தட்டில் உள்ளதைப் பகுதி பகுதியாக வேறு டிஸ்க்குக்கு நகலெடுப்பார்கள். புதிய ஊசிகளும் நீண்ட நாள் தாங்கும் என்று உறுதியில்லை. எனவே எந்தக் கோப்புறை முதலில் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அவர்களால் பெரும்பாலும் அந்தப் பகுதிகளைத் தேடி முதலில் எடுக்க முடியும். இதை அநேகம் பேர் கேட்பதே இல்லை. கல்யாண வீடியோ நூறு ஜிபி நகலாகி முடிந்த பிறகு ஊசி செத்தால், கடிதங்கள் உள்ளேயே கிடக்கும்.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேளுங்கள்: திறப்பது உங்கள் இடத்திலா, வேறு எங்காவது அனுப்புவீர்களா? தகவல் வராவிட்டால் எவ்வளவு கட்டணம்? பணம் கட்டும் முன் மீண்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டுவீர்களா? மூல டிஸ்க்கைத் திருப்பித் தருவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பார்க்காமலேயே நூறு சதவீதம் வரும் என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். கூரியரில் போடவும் வேண்டாம். நிலைமின் காப்புப் பையில் (ஆன்டிஸ்டேட்டிக் பை) போட்டு, சுற்றிலும் ஸ்பாஞ்ச் வைத்து, பல்லவன் எக்ஸ்பிரஸில் யாராவது மடியில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோவது நல்லது.

கண்டனூர்க்காரி

அண்ணே, மிக்க நன்றி. டிஸ்க்கைப் பையில் போட்டுப் பீரோவில் பூட்டிவிட்டேன். செலவு பல ஆயிரம் ஆகும் என்கிறார்கள். அது போகட்டும். அதற்கு முன் நான் செய்யக்கூடியது ஏதும் இருக்கிறதா?

கோட்டையூர்ப் பெண்

இருக்கிறது. நான் பழைய ஏடுகளையும் அச்சு நூல்களையும் படியெடுக்கும் பணியில் இருக்கிறேன். நீங்கள் எடுத்தது கேமராவில் அல்லவா? அந்த மெமரி கார்டு எங்கே? படங்களை டிஸ்க்குக்கு மாற்றிய பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்திருந்தாலும் பதற வேண்டாம். பெரும்பாலும் அந்த ஃபார்மட் கோப்புகளின் அட்டவணையை மட்டுமே புதிதாக எழுதுகிறது. பேரேட்டின் முன்னால் இருக்கும் பெயர் அட்டவணையைக் கிழித்துவிட்டாலும் உள்ளே வரவு செலவு அப்படியே இருப்பதைப் போன்ற நிலை அது. அதன் மேல் புதுப் படம் எழுதப்பட்ட இடம் மட்டும்தான் போனது.

கார்டை இப்போதே கேமராவிலிருந்து எடுங்கள். எஸ்டி கார்டாக இருந்தால் பக்கத்தில் உள்ள சின்னப் பூட்டைக் கீழே தள்ளுங்கள். லினக்ஸ் தெரிந்தவரிடம் கொடுத்து, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் நிரல் கொண்டு கார்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த நகலின் மேல் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில் தொடங்கும். அட்டவணை இல்லாவிட்டாலும் இந்தத் தொடக்கத்தைத் தேடிப் படங்களை அது எடுத்துவிடும். கோப்புப் பெயர்கள் மட்டும் திரும்ப வராது. ஆனால் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அந்த வரிசையில் அடுக்கினால் நீங்கள் தாளைப் புரட்டிய வரிசை கிடைத்துவிடும். மீட்பதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள், அதே கார்டில் ஒருபோதும் வேண்டாம்.

லேப்டாப் வழியாக மாற்றினீர்களா? அதில் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், அழித்த படங்கள் இன்னும் கிடக்கலாம். லேப்டாப்பை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டித் தேட வேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். சுழலும் தட்டில்லாத, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. டிரிம் என்ற கட்டளை அழித்த இடங்களைச் சிறிது நேரத்திலேயே துடைக்க வைத்துவிடும்.

பங்காளிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களையும் திரட்டுங்கள். அளவு குறைந்திருக்கும், ஆனாலும் மேலாளின் கையெழுத்து படிக்கும்படி இருந்தால் போதும்.

எங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களும் துண்டறிக்கைகளும் இன்று சென்னையில் 1994 முதல் நூலகமாக நிற்கின்றன. அவர் மிச்சம் வைத்ததெல்லாம் மற்றவர்கள் குப்பை என்று தள்ளிய காகிதங்கள். உங்கள் பெட்டியில் இருந்ததும் அந்த இனம்தான் ஆச்சி, விட்டுவிடாதீர்கள்.

கண்டனூர்க்காரி

கார்டு கிடைத்தது. 32 ஜிபி. நடுவில் ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) எடுத்த படங்கள் ஏறியிருக்கின்றன. ஆனாலும் மோல்மேன் கடிதங்களில் பெரும்பகுதி வந்துவிட்டது! பேரேடுகள் ஒன்றும் இல்லை. வந்த படங்களில் சில, பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருக்கின்றன. லேப்டாப்பில் எஸ்எஸ்டி, அதில் எதுவும் மிஞ்சவில்லை. தம்பி வரும் திங்கட்கிழமை டிஸ்க்கைச் சென்னைக்குக் கொண்டுபோகிறான். பியாப்பொன் கடிதங்கள் முதலில், பேரேடுகள் அடுத்து, வீட்டின் மரவேலைப் படங்கள் கடைசியில் என்று பட்டியல் எழுதிவிட்டேன். ஒத்த டிஸ்க் ஒன்றை நாங்களே வாங்கிக் கொடுத்தால் செலவு குறையுமா அண்ணே?

செக்காலை ரோடு

வாங்காதீர்கள் ஆச்சி. மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஊசிகளின் எண்ணிக்கையும் வகையும் மாறியிருக்கலாம். தயாரித்த நாள், தயாரித்த இடம், டிஸ்க்கை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் எல்லாம் பார்த்துத்தான் பொருத்தம் முடிவாகும். ஆய்வகமே தேடட்டும். நீங்கள் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைத் தெளிவாகப் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்; தம்பி போய்ச் சேரும் முன் அவர்கள் தேடத் தொடங்கலாம். பாதி சாம்பலான படங்களையும் அழிக்காதீர்கள். டிஸ்க்கிலிருந்து எதை முதலில் எடுக்க வேண்டும் என்பதற்கு அவையும் சேர்ந்ததுதான் பட்டியல். அவற்றின் தேதியும் நேரமும் குறித்துத் தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள்.