எட்டாம் வகுப்புச் சாதனையைக் கல்லூரி விண்ணப்பத்தில் சேர்க்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், நவம்பர் 1-க்குள் அனுப்ப வேண்டிய காமன் ஆப் என்னும், பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். எட்டாம் வகுப்பில் மேத்கவுன்ட்ஸ் கணிதப் போட்டியில் மாநிலச் சுற்றுவரை சென்றதை அதில் குறிப்பிடலாமா என்பதில் உங்கள் ஆலோசனை தேவை.

செயல்பாடுகளுக்கு 10 இடங்களும் விருதுகளுக்கு 5 இடங்களுமே உள்ளன. வகுப்பைக் குறிக்கும் கட்டங்களோ ஒன்பதிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆகவே, அதற்கு முந்தையவற்றை அவர்கள் எதிர்பார்க்கவில்லை என்றே எண்ணுகிறேன். சிறு வயதில் தொடங்கிய பரதநாட்டியத்தில் எனக்குக் குழப்பமில்லை: அது இன்றும் தொடர்வதால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை குறித்துவிட்டு, 150 எழுத்துகளுக்குள் அமைய வேண்டிய விவரத்தில் "பத்தாண்டுப் பயிற்சி, பதினோராம் வகுப்பில் அரங்கேற்றம்" என்று எழுதச் சொல்லிவிட்டேன்.

கணிதப் போட்டி அப்படியன்று. அது எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் போட்டி. ஆனாலும், இன்று அவள் சனிக்கிழமைதோறும் நூலகத்தில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு வித்திட்டது அதுதான் என்பதால், அடியோடு விட்டுவிட மனம் வரவில்லை. விருதுப் பட்டியலில் சேர்க்காமல், கட்டுரையில் அந்த நூலக வகுப்பைப் பற்றி எழுதும்போது ஒரு வரியாகச் சொல்வது பொருத்தமாக இருக்குமா? அல்லது கூடுதல் தகவல் பகுதியில் எழுதலாமா? அண்மையில் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்தவர்களும், பள்ளிகளில் ஆலோசகர்களாக இருப்பவர்களும் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.