புதுப்பிப்பு: மார்பகக் கட்டியின் விறைப்பு அளவு மாறியதற்குப் ஸ்கேன் புரோபின் (தோல்மீது வைக்கும் கருவிமுனை) அழுத்தமே காரணம்

ஒரே மார்பகக் கட்டியை ஷியர் வேவ் எலாஸ்டோகிராஃபியில் (திசுவினுள் அலை செல்லும் வேகத்தைக் கொண்டு விறைப்பைக் கணித்து வண்ணப்படமாகக் காட்டும் அல்ட்ராசவுண்ட் முறை) மூன்று முறை அளந்தபோது விறைப்பு 45 முதல் 120 கிலோபாஸ்கல் வரை மாறியது ஏன் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கருவியின் அமைப்புகளை மாற்றியதால் பயனில்லை. புரோபை அழுத்தாமல் தடிமனான ஜெல் படலத்தின் மீது மெல்ல வைத்து, நோயாளியைச் சில நொடிகள் மூச்சை அடக்கச் சொல்லி, வண்ணப்படம் நிலைபெற்ற பிறகே அளக்கும்படி கூறிய ஆலோசனைதான் பலித்தது. அழுத்தப்பட்ட திசு தன் இயல்பைவிட விறைப்பாகி, அதனூடே அலை வேகமாகச் செல்வதால் அளவு பொய்யாக உயர்கிறது. வண்ணப்படத்தில் தோலருகே நான் கவனிக்கத் தவறிய, விறைப்பைக் காட்டும் சிவப்புப் பட்டையும் அந்த அழுத்தத்தின் அடையாளமே. மறுமுறை எல்லா அளவுகளும் 40க்கும் 50க்கும் இடையில் அமைந்தன. ஆயினும் வழக்கமான ஸ்கேனில் கட்டி பைராட்ஸ் 4ஏ பிரிவில் (புற்றுநோய் ஐயம் குறைவு, ஆனால் திசுப் பரிசோதனை தேவைப்படும் வகை) இருந்ததால், மென்மையை மட்டும் நம்பாமல் ஊசித் திசுப் பரிசோதனை செய்தோம். ஃபைப்ரோஅடினோமா (புற்றல்லாத கட்டி) என்று முடிவு வந்தது.

எதிர்பாராத ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். பின்னர் பார்த்த ஒரு புற்றுக்கட்டியின் நடுவில் நிறமே தோன்றவில்லை. அது மென்மையன்று; அங்கே அலை பதிவாகவில்லை என்பதே பொருள். கட்டியின் விளிம்பை அளந்தபோதுதான் கடும் விறைப்பு வெளிப்பட்டது.