விடாமல் பின்தொடர்கிறான்: பிளாக் செய்தால் போதுமா?

கேள்வி
தோழியை ஒருவன் விடாமல் துரத்துகிறான். பிளாக் செய்தால் வேறு எண்ணிலிருந்து வருகிறான். அவள் போகிற இடமெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. போனை ரீசெட் செய்துவிடலாமா? போலீசிடம் என்ன காட்டுவது?

பதில் 1
ரீசெட் இப்போதைக்கு வேண்டாம். உளவுச் செயலி இருந்தால் அதோடு ஆதாரமும் அழிந்துவிடும். கண்காணிப்பு சட்டென்று அறுந்தால் அவன் நேரில் வரவும் துணியலாம். உதவி தேடுவதை அந்தப் போனில் செய்யவே கூடாது, உங்கள் போனைக் கொடுங்கள்.

இடம் தெரிய உளவுச் செயலிதான் வேண்டும் என்றில்லை. கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு, வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள், கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் உள்நுழைந்திருக்கும் சாதனங்கள், இவற்றைப் பாருங்கள். கணக்கு மீட்பு எண்ணும் மின்னஞ்சலும் முக்கியம். அங்கே அவனுடைய எண் இருந்தால் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் திரும்ப நுழைந்துவிடுவான். ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே எதையும் நீக்குங்கள்.

பதில் 2
"இனி என்னைத் தொடர்பு கொள்ளாதே" என்று ஒரே ஒரு முறை எழுத்தில் சொன்னால் போதும். அதுவும் ஆபத்தில்லை என்று தோழிக்குத் தோன்றினால் மட்டும். அப்புறம் திட்டக்கூடப் பதில் போடக் கூடாது. முப்பது அழைப்புக்குப் பிறகு ஒரு தடவை எடுத்தால், முப்பது முறை அடித்தால் எடுப்பாள் என்றுதான் அவன் கணக்குப் போடுவான்.

ஸ்கிரீன்ஷாட்டில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்: சேமித்த பெயர் தெரியும், எண் தெரியாது. புரொஃபைலைத் திறந்து எண்ணோடு இன்னொன்று எடுங்கள். அனுப்பியவனே செய்தியை அழிக்க முடியும் என்பதால் வந்தவுடன் எடுக்க வேண்டும். தேதி, நேரம், இடம், நடந்தது, பார்த்தவர் என்று நோட்டில் வரிசையாக எழுதி, பிரதியை நம்பகமானவரிடம் கொடுத்து வையுங்கள். தனித்தனியாக அற்பமாகத் தெரிவது, வரிசையாகப் பார்க்கும்போதுதான் துரத்தல் என்று போலீசுக்குப் புரியும்.

பதில் 3
இருப்பிடம் காட்டும் கருவி எதையாவது ஒளித்து வைத்திருக்கிறானா என்று கைப்பையின் உள்துணி, வண்டி சீட்டுக்கு அடியில், பம்பரின் உட்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். ஏர்டேக் (ஆப்பிளின் சின்ன வட்டமான இருப்பிடக் கருவி) கிடைத்தால் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். என்எஃப்சி (பக்கத்தில் வைத்தாலே தகவலைப் படிக்கும் வசதி) உள்ள போனை அதன் வெள்ளைப் பக்கத்தில் வைத்தால் சீரியல் எண் வரும், குறித்துக்கொள்ளுங்கள். உடனே பேட்டரியைக் கழற்றாமல் முதலில் போலீசிடம் பேசுங்கள். அந்தக் கருவியை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம்.

பதில் 4
பின்னால் வருகிறான் என்று தெரிந்தால் காவல் நிலையத்துக்குப் போகட்டும், அது பக்கத்தில் இல்லையென்றால் ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு. அலுவலக வரவேற்பிலும் பக்கத்து வீட்டிலும் அவன் படத்தைக் காட்டி, "இவன் கேட்டால் எதுவும் சொல்லாதீர்கள்" என்று சொல்லி வைக்கட்டும். நீங்கள் போய் அவனிடம் பேசிப் பார்க்காதீர்கள், கோபம் அவள் மேல்தான் திரும்பும். புகார் கொடுக்கப் போகும்போது கூடப் போங்கள்.