மாத்திரை வீடு தேடி வருகிறது, அழுத்தம் இறங்கவில்லை: யாரிடம் கேட்பது?

கேள்வி:
எங்கள் ஊரில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டிலேயே கொடுத்துவிட்டுச் செல்கிறார். என் தாயாருக்குப் பேருந்துச் செலவும் வரிசையில் நிற்கும் சிரமமும் மிச்சமானது பெரிய உதவிதான். ஆனால் அவரது அட்டையில் மாதந்தோறும் 160/100 என்றே எழுதப்படுகிறது. மாத்திரையோ அதே அம்லோடிபின் 5 மில்லிகிராம். இந்த அளவைப் பார்த்து மருந்தை மாற்ற வேண்டியவர் யார்?

பதில் 1 (ஓய்வுபெற்ற சுகாதார செவிலியர்):
மருத்துவ அலுவலர்தான், தன்னார்வலருக்கு அந்த அதிகாரம் கிடையாது. தமிழ்நாட்டில் 2020இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் இந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், மருந்தைப் பாதியில் விட்டுவிடும் பழக்கத்துக்கு நல்ல மாற்று. மருந்தை விடாமல் சாப்பிட்டும் அளவு இறங்காதவர்களுக்கு அது மட்டும் போதாது. அவர்களை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

பதில் 2 (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்):
முதலில் அந்த 160 சரியான அளவுதானா என்று பாருங்கள். அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவரை உட்காரவைத்த கையோடு, ரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்த பிறகு, கையை நெஞ்சு உயரத்தில் தாங்கிவைத்து இருமுறை பார்க்க வேண்டும். அடுத்து, மாத்திரையை உண்மையிலேயே சாப்பிடுகிறாரா என்று கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். அம்லோடிபினால் கணுக்கால் வீங்குவதைக் கண்டு சொல்லாமலே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இரண்டும் சரியாக இருந்தும் 140/90க்குக் கீழே வராவிட்டால், டெல்மிசார்டன் போன்ற இரண்டாவது மருந்தைச் சேர்ப்பதே வழக்கமான அடுத்த படி. ஆனால் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்து மருத்துவரே அதை முடிவுசெய்ய வேண்டும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கக் கூடாது. சர்க்கரையும் இருந்தால் கண், பாதம், சிறுநீர்ப் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறையாவது தேவை. வீட்டுக்கு வரும் பையில் இவை வருவதில்லை.

பதில் 3 (தன்னார்வலர்):
எங்கள் பகுதியில் அளவு கூடியிருப்பவர்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதித் துணை சுகாதார நிலையச் செவிலியரிடம் கொடுத்துவிடுகிறோம். மருத்துவர் வரும் நாளில் அவர்களைத்தான் முதலில் அழைக்கிறார்கள். உங்கள் ஊரிலும் இப்படிச் செய்யக் கேட்டுப்பாருங்கள். எங்களுக்குப் பெரும் சிக்கல் பகலில் வேலைக்குப் போய்விடும் ஆண்கள்தான். அவர்களுடைய மாத்திரையை மனைவியிடம் கொடுத்துவிடுகிறோம், அளவைக் குறிக்க வேண்டிய கட்டம் காலியாகவே இருக்கிறது.