கூரொம்பிப் பாறையும் கடற்படைத் தளமும்: காங்ஜோங் மக்கள் தோற்றார்களா?

உப்புக்காற்று:
அறவழிப் போராட்டத்தால் ஒரு ராணுவத் தளத்தைக்கூட நிறுத்த முடியாது என்று நேற்று ஒரு நண்பர் அடித்துப் பேசினார். அவர் கையில் இருந்த ஒரே உதாரணம் காங்ஜோங். தென் கொரியாவின் ஜேஜு தீவில், தெற்குக் கரையில், சுமார் 1,900 பேர் வாழும் ஊர். கமலா ஆரஞ்சுத் தோட்டங்கள், மீன்பிடி, கூடவே ஜேஜுவில் அபூர்வமான நெல் வயல்கள். 2007இல் கடற்படைத் தளத்துக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் எதிர்த்தது. 2012 மார்ச் 7 அன்று கரையில் இருந்த கூரொம்பிப் பாறைக்கு வெடி வைக்கத் தொடங்கினார்கள். 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே எரிமலைப் பாறை அது, இடுக்குகளில் நன்னீர் ஊற்று. 2016 பிப்ரவரியில் தளம் திறந்தாயிற்று.

நடுவில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். காலை ஏழு மணிக்கு நூறு முறை விழுந்து வணங்குவார்கள். பதினொரு மணிக்கு வாசலில் கத்தோலிக்கத் திருப்பலி. நண்பகலில் கைகோத்து நின்று பாட்டு, ஆட்டம். சிமென்ட் லாரி வந்தால், நாற்காலியில் உட்கார்ந்து பூசை காண்பவர்களைப் போலீஸ் நாற்காலியோடு தூக்கி ஓரமாக வைக்கும். லாரி உள்ளே போனதும் அவர்கள் நாற்காலியை எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்கே வருவார்கள். வருடக்கணக்காக இப்படியே. இதைத் தோல்வி என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய மாலுமி:
தோல்விதான். மனம் வரவில்லை என்பதற்காகத் தோல்வி வேறொன்றாகிவிடாது.

நான் இருபது வருடம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன், அதனால் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். தென் கொரியாவுக்கு வடக்கே தரைவழி மூடிக் கிடக்கிறது. வரைபடத்தில் தீபகற்பமாகத் தெரிந்தாலும் நடைமுறையில் அது ஒரு தீவு. எண்ணெய், கோதுமை, நிலக்கரி எல்லாம் கடல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதில் பெரும்பகுதி ஜேஜுவுக்குப் பக்கத்தில் போகிறது. தென்மேற்கே இயோடோ என்று கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு பாறை. கொரியா 2003இல் அங்கே ஆய்வு நிலையம் கட்டியது. 2013 நவம்பரில் சீனா அந்த இடத்தையும் சேர்த்துத் தன் வான் பாதுகாப்பு மண்டலத்தை அறிவித்தது. பெருநிலத் துறைமுகமான பூசானிலிருந்து அங்கே போவதைவிட ஜேஜுவிலிருந்து போனால் பாதித் தூரம்கூட வராது. ஒரு நாடு தன் கடல் வாசலில் காவல் போடுவது அவ்வளவு பெரிய குற்றமா?

கயல்விழி:
மாலுமி சார், காவல் போடுவது குற்றம் இல்லை. எப்படிப் போட்டார்கள் என்பதுதான் விவகாரம்.

2007 ஏப்ரல் 26 அன்று ஊர்க்கூட்டம். வந்தவர்கள் 87 பேர். வாக்குச்சீட்டு கிடையாது, கைதட்டி 'சம்மதம்' என்று முடித்துவிட்டார்கள். மூன்று வாரம் ஆவதற்குள், மே 14 அன்று, மக்கள் தேர்ந்தெடுத்த ஜேஜு ஆளுநர் தளத்துக்குக் காங்ஜோங் என்று அறிவித்துவிட்டார். விஷயம் தெரிந்து ஊர் கொதித்தது. ஊர்த் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஆகஸ்ட் 20 அன்று முறையாக வாக்கெடுப்பு நடத்தினார்கள். 725 பேர் வாக்களித்தார்கள். எதிர்ப்பு 680, ஆதரவு 36, செல்லாதவை 9. அரசு கடைசிவரை பிடித்துக்கொண்டது அந்த 87 பேரின் கைதட்டலைத்தான்.

இன்னொன்று. இந்தத் தளத்துக்குக் காங்ஜோங் முதல் தேர்வே இல்லை. 2002இல் அதே தீவில் ஹ்வாசுன் ஊரைக் கேட்டார்கள், மக்கள் எதிர்த்தார்கள், கைவிட்டார்கள். 2005இல் விமி. அங்கேயும் அதே கதை. இரண்டு கடலோர ஊர்கள் சத்தமில்லாமல் ஜெயித்திருக்கின்றன, நண்பர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்றாவது ஊருக்கு வந்தபோது ஏன் இவ்வளவு அவசரம் என்பதும் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பேச நேரம் கொடுத்தால் ஊர் கூடிவிடும் என்று இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

வரப்பு:
எல்லாம் சரி, ஆனால் ஊரே ஒன்றாக நின்றது என்பது போல எழுதாதீர்கள். ஆகஸ்டுக்கு முன்பே, 2007 ஜூன் 19 அன்று ஒரு வாக்கெடுப்பு நடக்க இருந்தது. அன்று வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது யார்? அதே ஊரின் ஹேன்யோக்கள். மூச்சை அடக்கிக் கடலில் குதித்து நத்தையும் பாசியும் எடுக்கும் பெண்கள். நாமெல்லாம் கடலின் பிள்ளைகள் என்று கொண்டாடுகிறோமே, அவர்களேதான். இழப்பீடு கிடைக்கும் என்று தளத்தின் பக்கம் நின்றார்கள்.

அப்புறம் தீவு முழுக்க என்ன நிலைமை? 2009 ஆகஸ்டில் அந்த ஆளுநரைப் பதவியிலிருந்து இறக்க வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் ஒரு பங்கு பேர் வந்திருந்தால்தான் அது செல்லும். வந்தவர்கள் 11 சதவீதம். ஜேஜு மக்களுக்கே அக்கறை இல்லாத விஷயத்துக்கு தலைநகர் சோலிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து கொடி பிடித்தார்கள்.

கயல்விழி:
வாக்குப்பெட்டி விஷயத்தை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. 2019 மே மாதம் காவல்துறையின் மனித உரிமை மீறல் விசாரணைக் குழு அறிக்கை வெளியிட்டது. அரசுத் தரப்புக் குழுதான், போராட்டக்காரர்களுடையது இல்லை. பெட்டியைத் தூக்கிய திட்டத்தில் கடற்படைத் தரப்பும் கைகோத்திருந்தது என்றும், போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது என்றும் அதில் இருக்கிறது.

அந்தப் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். கடலில் இறங்கி வயிறு கழுவுகிறவர்களிடம் கடல் எப்படியும் போகப்போகிறது, கிடைக்கிற பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் என்ன செய்வார்கள்? வலிப்பது அதற்குப் பின்னால் வந்ததுதான். எதிர்ப்பவர் வீட்டில் மஞ்சள் கொடி, ஆதரிப்பவர் வீட்டில் தேசியக் கொடி. அண்ணன் தம்பி முன்னோர் சடங்குக்கு ஒன்றாக உட்கார மாட்டார்கள். ஆளுக்கொரு கடையில் சாமான் வாங்கினார்கள். பாறையை வெடித்ததைவிட இதுதான் பெரிய சேதம் என்பேன்.

பழைய மாலுமி:
கயல்விழி அம்மா, நடைமுறை தப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 ஜூலையில் கடற்படை பக்கம் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் முடிவு சொன்ன பிறகும் லாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

உப்புக்காற்று:
சார், 'ஏன் அடங்கவில்லை' என்று கேட்பதற்கு முன் அந்தத் தீவில் 1948இல் நடந்ததையும் பார்க்க வேண்டும். 'ஏப்ரல் 3' என்று சொன்னாலே அங்கே எல்லோருக்கும் புரியும். கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று படையும் போலீசும் ஊர் ஊராகக் கொளுத்தின. 25,000 முதல் 30,000 பேர் வரை செத்தார்கள் என்கிறார்கள். பல பத்தாண்டுகள் அதைப் பற்றி வாய் திறக்கவே முடியாது. 2003இல்தான் அதிபர் ரோ மூ-ஹியூன் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2005 ஜனவரியில் ஜேஜுவை 'உலக அமைதித் தீவு' என்று அறிவித்ததும் அவர்தான். இரண்டே வருடத்தில் காங்ஜோங்கில் தளம் கட்டப் புறப்பட்டதும் அவர் அரசுதான்! 2011 செப்டம்பர் 2 அன்று பெருநிலத்திலிருந்து போலீஸ் படை வந்து இறங்கி வேலி போட்டபோது, ஊர்க் கிழவிகளுக்கு எது ஞாபகம் வந்திருக்கும்? தீர்ப்பு ஒரு பக்கம் இருக்கட்டும்.

தேநீர்க்கடை:
குறுக்கே ஒன்று. அந்தத் தளத்தின் முழுப் பெயர் 'ராணுவ-சிவில் கூட்டு சுற்றுலாத் துறைமுகம்'. 1,50,000 டன் பயணிகள் கப்பல் இரண்டு ஒரே நேரத்தில் நிற்கும் என்று ஆசை காட்டினார்கள். 2017 மார்ச்சில் தாட் என்ற அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பைக் கொரியாவில் வைத்த விவகாரத்தில் கோபித்துக்கொண்ட சீனா தன் சுற்றுலாக் குழுக்களை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தளத்துக்கு வந்தது அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல். நல்ல சுற்றுலா.

வரப்பு:
சிரித்துவிட்டேன். ஆனாலும் 2018 அக்டோபரில் அங்கே பன்னாட்டுக் கப்பல் அணிவகுப்பு நடந்ததே, அதற்கு ஊரே வாக்கெடுத்துச் சம்மதம் கொடுத்ததே? அப்போதைய அதிபர் மூன் ஜே-இன் நேரில் போய் ஊர்க்காரர்களிடம் வருத்தம் தெரிவித்தார். புண் ஆறிக்கொண்டிருக்கும்போது நாம்தான் இங்கே உட்கார்ந்து கிளறுகிறோம்.

கயல்விழி:
அந்தச் சம்மதத்துக்கும் முன்கதை உண்டு. வசந்த காலத்தில் ஊர் 'வேண்டாம்' என்றது. அப்புறம் அதிபர் மாளிகையிலிருந்து ஆள் வந்து பேசி, ஜூலையில் மறுபடி கூட்டம் போட்டு 'சரி' ஆனது. இதே ஊர் 2007இல் மறு வாக்கெடுப்பு நடத்தி 'வேண்டாம்' என்றபோது மட்டும், முதலில் சொன்னதே செல்லும் என்றார்கள். 'சரி' வரும்வரை கேட்பார்கள், வந்த பிறகு கேட்கமாட்டார்கள்.

மூன் வந்தது நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. அதற்கு முன் 2016இல் கடற்படை, கட்டுமானம் தாமதமானதற்கு நஷ்ட ஈடு கேட்டு 116 பேர் மீதும் ஐந்து அமைப்புகள் மீதும் சுமார் 345 கோடி வானுக்கு (வான் கொரியப் பணம்) வழக்குப் போட்டது. ஆரஞ்சுத் தோட்டக்காரர் எங்கே போவார்? 2017 டிசம்பரில் மூன் அரசு அதைக் கைவிட்டது. உட்கார்ந்து நூறு முறை வணங்கியவர்கள் சாதித்தது அது. பாறையைக் காப்பாற்ற முடியவில்லை.

பழைய மாலுமி:
அந்த வழக்கு எனக்குத் தெரியாது. தன் சொந்த மக்கள் மேலேயே பில் போடுவது அசிங்கம்.

அந்த 680க்கும் என்னிடம் பதில் இல்லை, ஒளிவில்லாமல் சொல்லிவிடுகிறேன். தளம் வேண்டும் என்பதிலிருந்து இறங்கவும் மாட்டேன். முறையாகக் கேட்டிருந்தாலும் ஊர் மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கும். அப்போது கடற்படை நான்காவது ஊருக்குப் போயிருக்கும், நாம் அந்த ஊரின் பெயரை வைத்து இங்கே சண்டை போட்டிருப்போம்.

கயல்விழி:
போயிருக்கட்டுமே சார். நான்காவது ஊரும் மாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தானே?

உப்புக்காற்று:
நேற்று சண்டை போட்ட நண்பருக்கு இந்த இழையை அனுப்பியிருந்தேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு வரிதான் அனுப்பியிருக்கிறார்: "ஹ்வாசுன் என்ற ஊர் எங்கே இருக்கிறது?"